பாறை வடிகட்டாது

தம்பி மனைவி அனிதாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலையில், மேயர் ஸ்ரீதேவி மாநகராட்சிக் காரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் பழைய ஸ்கூட்டரில் தம்பி வீட்டுக்கு வந்தாள். கால் வைக்கிற இடத்தில் ஒரு கல் உப்பு மூட்டை இருந்தது. பின்னால் கயிறு போட்டுக் கட்டியது இன்னும் இரண்டு. மேயரம்மா உப்பு விற்கக் கிளம்பிவிட்டாளா என்று யாராவது பார்த்திருந்தால் கேட்டிருப்பார்கள். பாவடித் தெருவில் அந்நேரத்துக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

“பேரல் கழுவி வெச்சிட்டியா?” என்றாள்.

குமரகுரு தலையை ஆட்டினான். நூலுக்குச் சாயம் கரைக்கிற பெரிய நீலப் பேரல்கள் இரண்டையும் இரவே தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தான். கடையில் அவன் வாங்கிய மூன்று உப்பு மூட்டைகள் தறிக் கொட்டகை ஓரத்தில் கிடந்தன.

அவனுக்கு முப்பத்தொரு வயது. திருச்செங்கோட்டில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு அப்பா குமாரசாமியின் எட்டு விசைத்தறிகளில் துண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். அனிதாவை எரித்த மூன்றாம் நாளே தறியைப் போட்டுவிட்டான். என்ன மனுசன் இவன் என்று தெருவில் பேசினார்கள். எட்டுத் தறியும் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது காதில் விழாது. அதற்காகத்தான் போட்டான். அவன் இதுவரை அழவில்லை. அழுகை வருமா என்று ஒன்றிரண்டு முறை காத்திருந்து பார்த்தான். நூல் அறுந்தது. முடிச்சுப் போடப் போய்விட்டான்.

அக்காவும் தம்பியும் பேரலில் உப்பைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கட்டையால் கலக்கினார்கள். கல் உப்பு லேசில் கரையாது. அடியில் சரளைபோல் உருண்டது. ஸ்ரீதேவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலக்கினாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“குடு, நான் பண்றேன்.”

“ரெண்டு பேரும் பண்ணுவோம். ஏழு மணிக்குள்ள ஊத்தோணும்.”

பொடக்காலியில், அதாவது வீட்டின் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் அந்த ஆழ்துளைக் கிணறு இருந்தது. எண்ணூற்று நாற்பது அடி. ஒரு சொம்புத் தண்ணீர்கூட வரவில்லை. பத்து வருஷத்துக்கு முன் ரிக் லாரி இரண்டு நாள் நின்று வெறும் புகையாகப் பாறைத் தூளைக் கக்கிவிட்டுப் போனது. புதுச்சாவடியில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்றாவது இருக்கும். பாதி இந்தியாவுக்குத் துளை போடுகிற லாரிகள் சுற்றுவட்டாரத்தில் நிற்கின்றன. சொந்த ஊரில் எங்கே போட்டாலும் வறட்சிதான்.

ஸ்ரீதேவி படித்தது இந்த வறட்சியைத்தான். ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே பூமிக்கடியில் பாறை எப்படி வெடித்திருக்கிறது, வெடிப்பில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். பதினெட்டு வருஷம் ஐதராபாத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டுரை எழுதினாள். வெளிநாட்டில் போய்ப் பேசினாள். ஊருக்கு வரும்போதெல்லாம் சின்னச் சின்னப் புட்டிகளில் தெருத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவாள். அப்பா அதை உறவினர்களிடம், “எம்புள்ள தண்ணியத் திருடிட்டுப் போறா” என்று சொல்லிச் சிரிப்பார்.

பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துப் புதுச்சாவடியை மாநகராட்சி ஆக்கியபோது மேயர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கட்சியின் நகரச் செயலாளர் காளியண்ணனுக்குத் தன் மனைவியை நிறுத்த ஆசை. அந்த அம்மாள் முடியவே முடியாது என்றுவிட்டாள். அப்புறம்தான் அவர் ஐதராபாத்துக்கு ரயில் ஏறினார். இருபது கட்டுரை எழுதி ஒரு தெருவைக்கூட மாற்ற முடியவில்லை, ஒரு கையெழுத்தில் ஊரையே மாற்றலாமே அம்மிணி என்று கேட்டாராம். ஸ்ரீதேவி அந்த ஒரு வாக்கியத்துக்கு விழுந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்டு மைக்ராஸ்கோப்பில் எட்டிப் பார்க்கிற மாதிரி அவள் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். அவள் வேலைக்கும் மைக்ராஸ்கோப்புக்கும் சம்பந்தமே கிடையாது. விஞ்ஞானி மேயர் என்று பேர் வந்துவிட்டது.

வந்த வருஷமே அவள் திட்டம் கொண்டுவந்தாள். வறண்டு கிடக்கிற ஆழ்துளைகளைத் திறந்து, கூரையில் விழுகிற மழைத் தண்ணீரை அதற்குள் விடுவது. ஊர் கொண்டாடிவிட்டது. திறந்த அன்று வீட்டுக்கு வீடு துளையின் வாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். மழைதான் வரவில்லை. திறந்த வாய் திறந்தபடி கிடந்தது. தண்ணீரைக் கீழே கொட்டுவது புதுச்சாவடியில் எச்சில் கையால் அரிசியைத் தொடுவது மாதிரி. குளித்த தண்ணீர் செடிக்கு, பாத்திரம் கழுவின தண்ணீர் வாசலுக்கு என்று இருந்தவர்கள், மண்ணுக்குள் போனால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று ஒவ்வொன்றாக அதற்குள் திருப்பினார்கள். முதலில் துணி துவைத்தது. பிறகு குளித்தது.

குமரகுரு இன்னொரு குழாயையும் திருப்பினான்.

மாசி மாசம் கழிவுத்தொட்டி நிறைந்து வழிந்தது. உறிஞ்சுகிற லாரிக்குச் சொன்னால் நாலு நாள் ஆகும் என்றார்கள். அனிதாவுக்கு ஐந்தாம் மாதம். அந்த நாற்றத்துக்கு வாந்தி வாந்தியாக எடுத்தாள். பொடக்காலிக் கதவைத் திறக்கவே மாட்டேன் என்று அழுதாள். அவன் கடைக்குப் போய்ப் பிளாஸ்டிக் குழாயும் பசையும் வாங்கி வந்து, தொட்டி வழிகிற இடத்திலிருந்து துளைக்கு ஒரு மணி நேரத்தில் கோத்துவிட்டான். நாற்றம் நின்றுவிட்டது. அன்று ராத்திரி அவள் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

பங்குனியில் ஒரே ஒரு மழை பெய்தது. ஒரு மணி நேரம். ஊர் முழுக்கத் தெருவில் நின்று நனைந்தது. நாற்பது நாள் கழித்து மஞ்சள்காமாலை வந்தது. நூற்றுக்கு மேல் படுத்தார்கள். ஏழு பேர் செத்தார்கள். அதில் மூன்று பேர் கர்ப்பிணிகள். அனிதாவுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததில் நாலு நாள் போயிற்று. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் நினைவு தப்பியது. வயிற்றில் இருந்தது முதலில் போனது. அவள் பொழுது விடிந்ததும் போனாள்.

ஆஸ்பத்திரி நடையில் ஸ்ரீதேவி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பொடக்காலிப் போர்ல நீ என்ன உடறே? அவன் சொன்னான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உப்பு கரைந்துவிட்டது. இருவரும் பேரலைச் சாய்த்துச் சாய்த்துத் துளைக்குள் ஊற்றினார்கள். சத்தமே வரவில்லை. எண்ணூறு அடி அதை விழுங்கிக்கொண்டது.

“மண்ணுன்னா வடிகட்டும். இங்க மண்ணு முப்பதடிதான். அதுக்குக் கீழ பாறை. வெடிப்பு வழியாக் குழாயில போற மாதிரிப் போயிரும். பாறை வடிகட்டாது. என் தீசிஸ்ல மொத பக்கத்துல எழுதுனது” என்றாள் ஸ்ரீதேவி.

“தெரிஞ்சுதானே தொறக்கச் சொன்னே?”

“ஒவ்வொரு போர் வாயிலயும் ஜல்லி, கரி, மணல்னு மூணு அடுக்கு வெக்கோணும்னு எழுதியிருந்தேன். கூரைத் தண்ணி மட்டும்தான், வேற குழாய் சேத்தா அபராதம்னும் இருந்துச்சு. கவுன்சில்ல, நாலாயிரம் போருக்கும் அடுக்கு வெச்சு முடிக்கறதுக்குள்ள மழை வந்துட்டுப் போயிரும்னாங்க. அடுக்கு அடுத்த வருசம்னு மாத்தித் தீர்மானம் கொண்டாந்தாங்க.”

“நீ?”

“கையெழுத்துப் போட்டேன்.”

“ஏன்?”

அவள் காலிப் பேரலைக் கவிழ்த்தாள். “மழை வந்துருமேன்னு” என்றாள்.

தெருவின் பொது ஆழ்துளை அவன் வீட்டிலிருந்து நூறு தப்படி தள்ளி, விநாயகர் கோவிலுக்கு எதிரில் இருந்தது. தெருவில் தண்ணீர் வருகிற ஒரே துளை அது. காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு முறையும் மோட்டார் போடுவார்கள். ஸ்ரீதேவி ஆபரேட்டரை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டுத் தானே சாவியை வாங்கி மோட்டாரைப் போட்டாள். குழாயைக் கழற்றித் தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்பினாள். கைக்கு அடக்கமான ஒரு மீட்டரைக் கால் மணிக்கொரு தரம் அதில் முக்கினாள். உப்பு ஏற ஏற அதில் எண் ஏறும். ஆரம்பத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது.

ஒன்பது மணிக்கு வெயில் முதுகைக் குத்தியது. எண் அசையவில்லை. குமரகுரு கோவில் படியில் உட்கார்ந்திருந்தான். அசையாமலே இருந்துவிட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. அப்போது அனிதாவைக் கொன்றது வேறு யாரோ. அந்த யாரோ எப்படி இருப்பான் என்று யோசித்துப் பார்த்தான். முகம் வரவில்லை.

குடங்கள் வர ஆரம்பித்தன.

“ஏனுங்க மேயரம்மா, இப்படிச் சாக்கடையில உடறீங்க? வயிறு எரியுதுங்க.”

“குழாய் சுத்தம் பண்றோமுங்க. சாயங்காலம் வாங்க.”

“சுத்தம் பண்றதுன்னா உங்க ஆபீசைப் பண்ணுங்க சாமி. அங்கதான் நெம்ப அழுக்காக் கெடக்குதாமா.”

பெண்கள் சிரித்தார்கள். ஸ்ரீதேவியும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். கலைந்து போனார்கள். ஒருத்தி போகவில்லை. தெருக்கோடியில் குடியிருக்கிற ராமாயி. அவள் புருஷன் தங்கசாமி டேங்கர் லாரி வைத்து, ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து குடம் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தவன். கெட்ட தண்ணீர் கொடுத்து ஏழு பேரைக் கொன்றான் என்று அவனைப் பிடித்துச் சேலம் ஜெயிலில் வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஊரும் அதை நம்பிவிட்டது. லாரித் தண்ணீரை விட்டுவிட்டு இப்போது எல்லோரும் இந்தத் துளைத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ராமாயி இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள். யாரும் பார்க்குமுன் கையை நீட்டி ஒரு கை தண்ணீர் ஏந்தி வாயில் விட்டாள்.

“இதென்னுங்க, இன்னிக்கு உப்புக் கரிக்குது?”

“துப்புங்க!” என்று கத்தினாள் ஸ்ரீதேவி. “துப்புங்க அதை!”

ராமாயி பயந்து துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேயரைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த மீட்டரைப் பார்த்தாள். படியிலிருந்து எழுந்து நின்றுவிட்ட குமரகுருவைப் பார்த்தாள்.

“நேத்து முச்சூடும் இதைத்தானுங்களே குடிச்சோம்” என்றாள்.

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மீட்டரில் இரண்டாயிரத்து அறுநூறு. ஸ்ரீதேவி நோட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் எண்ணை எழுதி, கீழே கோடு போட்டாள். கோடு நேராக இருந்தது.

மத்தியானம் குமாரசாமி அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தார். மருமகள் போன பிறகு அவர்தான் அடுப்படியில். வாங்கி வைத்த கேன் தண்ணீரில் சமைத்தார். கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. மூன்று தட்டிலும் போட்டு நெய் ஊற்றினார். மூன்று பேரும் பிசைந்துகொண்டே இருந்தார்கள்.

“உப்புப் போட மறந்துட்டனாட்ட இருக்குது” என்றார் குமாரசாமி.

காளியண்ணன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, “சாப்பாட்டு நேரத்துல வந்துட்டனா?” என்று உள்ளே வந்தார். கட்டையான, வேர்த்த மனிதர். அனிதாவின் காரியத்துக்குப் பந்தல், சேர், சாப்பாடு எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார். சுடுகாட்டில் குமரகுருவின் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றவரும் அவர்தான். குமாரசாமி தட்டு வைத்தார். காளியண்ணன் மறுக்காமல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

“ஆபரேட்டர் சொன்னான். காலையில என்னமோ அளந்தீங்களாமா?”

ஸ்ரீதேவி நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் கையை நக்கிவிட்டு இடது கையால் வாங்கிப் பார்த்தார்.

“எனக்கு இது என்ன தெரியுது? சொல்லு அம்மிணி.”

“இந்தூட்டுப் போர்ல ஊத்துனது மூணு மணி நேரத்துல தெருப் போர்ல வருது. பங்குனி மழையில ஊர்ல இருக்கற அத்தனை போர்ல கெடந்ததும் இப்படித்தான் போயிருக்கும். தங்கசாமி தண்ணியில ஒண்ணுமில்லை. அதையும் டெஸ்ட் பண்ணிட்டேன்.”

காளியண்ணன் மெதுவாக மென்றார். “எழவெடுத்த போரு. தண்ணியும் தர மாட்டேங்குது. சும்மாவும் கெடக்க மாட்டேங்குது.”

“இன்னிக்கே சொல்லிரலாமுங்க. எல்லாப் போரையும் மூடி, தெரு மோட்டாரையும் நிறுத்தி.”

“என்னன்னு சொல்லுவே?”

“நடந்ததை.”

“நடந்தது என்ன? மேயரோட திட்டம், மேயரோட கையெழுத்து, மேயரோட தம்பி ஊட்டுக் கக்கூசு. ஏழு பொணம். அப்படித்தானே? ஊரு இந்தூட்டைக் கொளுத்திப்போடும் அம்மிணி. நாளைக்குக் காலையில இவன் ஜெயில்ல இருப்பான். பொண்டாட்டிய எரிச்ச கையி இன்னும் ஆறலை.”

குமாரசாமி எழுந்து போய்க் கொட்டகைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எனக்கு ஒரே பையன், சாமி” என்றார், மகளைப் பார்க்காமல். “ஒரு சாவு போதும் இந்தூட்டுக்கு.”

“மூட வேண்டாம்னு நான் சொல்லலையே” என்றார் காளியண்ணன். குரல் இறங்கிவிட்டது. “திங்கக்கெழமை அவசரக் கூட்டம். பராமரிப்புக்காக எல்லாப் போரையும் மூடறோம்னு ஒரே தீர்மானம். காரணம் எழுத வேண்டியதில்லை. யாருக்கும் சேதாரம் இல்லை.”

“இன்னிக்கு வெள்ளிதான் ஆகுது.”

“ஆட்டோவுல மைக் கட்டி, தண்ணியக் கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு சொல்லிப்போடலாம். இப்ப மோட்டாரை நிறுத்துனா, ஏன்னு கேப்பாங்க. லாரியும் இல்லை. எதைக் குடிக்கும் சனம்?”

ஸ்ரீதேவி தட்டில் விரலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். குமரகுரு அவளையே பார்த்தான். சின்ன வயதில் கணக்குப் போடும்போது இப்படித்தான் விரலால் வரைவாள். விடை வந்ததும் நிறுத்துவாள்.

நிறுத்தினாள். “சரிங்க” என்றாள்.

“தங்கசாமி?” என்று கேட்டான் குமரகுரு. அன்றைக்கு அவன் வீட்டுக்குள் பேசிய முதல் வார்த்தை அது.

“அவனுக்கு நானே வக்கீல் வெக்கறேன். ரெண்டு மாசத்துல பெயிலு. லாரியும் வாங்கிக் குடுத்துப்போடலாம். நான் பாத்துக்கறேன் கண்ணு” என்றார் காளியண்ணன். கை கழுவினார். அவர் போகும்போது ஸ்ரீதேவியும் எழுந்து, “மூடினாப் போதும் குமரா. மத்தது அப்பறம் பாக்கலாம்” என்றாள்.

“அடுக்கு அடுத்த வருசம்னு சொன்ன மாதிரியா?”

அவள் முகம் வெளுத்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள்.

குமரகுரு தறியைப் போட்டான். அரை மணி நேரம் ஓடிற்று. நூல் எதுவும் அறவில்லை. முடிச்சுப் போட ஒன்றுமில்லாமல் நின்றான். பிறகு எட்டையும் நிறுத்தினான். அப்பா வாசலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை என்று தெரிந்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தான்.

ராமாயி வீட்டுக்கு முன்னால் டேங்கர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்க தம்பி. உட்காருங்க.”

அவன் உட்காரவில்லை. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது எதுவும் வரவில்லை.

“தங்கசாமி அண்ணன் தண்ணியில ஒண்ணும் இல்லீங்க. தெருப் போர்லதான். எங்கூட்டுக் கழிவுத்தொட்டிக் குழாயைப் போர்ல உட்டிருந்தேன். என் கையாலதான் கோத்தேன்.”

ராமாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

“மேயரம்மா துப்பச் சொன்னப்பவே என்னமோ இருக்குதுன்னு நெனச்சனுங்க” என்றாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. “எங்கூட்டுக்காரரு மூஞ்சியில தெருவே காறித் துப்புச்சு தம்பி. உங்க மாமனாரு செருப்பத் தூக்கிட்டு வந்தாரு. நீங்க அன்னிக்கு ஓரமா நின்னுட்டு இருந்தீங்க.”

“ஆமாங்க.”

“அப்பத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுங்க.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் இரண்டு கோழிகள் சிந்தின கம்பைப் பொறுக்கின.

“எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?”

“அதுக்குத்தான் கூப்பிட வந்தனுங்க.”

“இருங்க. சேலை மாத்திட்டு வாரேன்” என்று உள்ளே போனாள். அதற்குள் அவன் வீட்டுக்குப் போய் வண்டியை எடுத்து வந்தான்.

காவல் நிலையத்தில் ரைட்டர் முதலில் பேனாவையே எடுக்கவில்லை. அவன் சொல்லச் சொல்ல அவர் பார்வை இன்ஸ்பெக்டர் அறைப் பக்கமே போயிற்று. இன்ஸ்பெக்டர் வந்து முழுவதையும் நின்றபடியே கேட்டார். “எங்க இருக்குது அந்தப் போர்?” என்றார். “பொடக்காலியில.” “இறந்தவங்க அனிதா உங்களுக்கு என்ன வேணும்?” “சம்சாரம்.” இன்ஸ்பெக்டர் அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வெளியே போய்ப் போனில் பேசினார்.

ஐந்தேகால் மணிக்கு மாநகராட்சிக் கார் வந்தது. ஸ்ரீதேவியும் காளியண்ணனும் இறங்கினார்கள். காளியண்ணன் படியேறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

“சார், பையனுக்குப் பொண்டாட்டி செத்ததுல மனசு சரியில்லீங்க. பதினாறு நாளா ஒழுங்காச் சாப்பிடலை, தூங்கலை. எதையோ எதுலயோ போட்டுக் குழப்பிக்கறான். மேயரம்மா ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்.”

“அதேதாங்க மேடம்” என்றார் இன்ஸ்பெக்டர். “நீங்க சொல்லுங்க. அதை வெச்சு முடிச்சுக்கறேன்.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ராமாயி பெஞ்சின் ஓரத்தில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குமரகுரு அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் தனக்காகப் பொய் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். தரையில் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான்.

“எனக்கு வெள்ளைத் தாள் குடுங்க” என்றாள் ஸ்ரீதேவி. “நாலு வேணும்.”

“அம்மிணி” என்றார் காளியண்ணன்.

அவள் ரைட்டரின் மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். தீர்மானம் போட்ட தேதி. மூன்று அடுக்கு எடுக்கப்பட்டது. கையெழுத்து யாருடையது. திறந்த துளைகளின் எண்ணிக்கை. மழை பெய்த நாள். முதல் ஆள் படுத்த நாள். இன்றைக்கு ஊற்றின உப்பு எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு எந்த எண். தங்கசாமியின் கிணற்றுத் தண்ணீரில் என்ன இருந்தது, என்ன இல்லை. ஒரு சொல்லைக்கூட அடிக்கவில்லை. காளியண்ணன் இரண்டு முறை அவள் பக்கத்தில் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்ப வரவில்லை.

இன்ஸ்பெக்டர் படித்தார். “மேடம், இதுல மொதப் பேரு உங்க பேரா இருக்குது. தம்பி பேரு மூணாவது பக்கத்துலதான் வருது.”

“நடந்த வரிசையில எழுதியிருக்கேனுங்க.”

“இது புகாருங்களா, வாக்குமூலமுங்களா?”

“படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணிக்கங்க.”

“எங்கூட்டுக்காரரு எப்பங்க வருவாரு?” என்று ராமாயி கேட்டாள்.

“கோர்ட்டுக்குப் போகோணுமே அம்மா. இன்னிக்கு வெள்ளி ஆச்சு. திங்களோ செவ்வாயோ” என்றார் ரைட்டர். ராமாயி பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறாக ஏழு நிமிஷம் இருந்தது. ஸ்ரீதேவி போனை எடுத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டாள்.

“மேயர் பேசறேன். மோட்டாரைப் போட வேண்டாம். இனிமேப் போடவே வேண்டாம்.”

அந்தப்பக்கம் குரல் தயங்கித் தயங்கி வந்தது. அறை அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “ஏனுங்க மேடம், காளியண்ணன் ஐயா இப்பத்தானுங்க போன் பண்ணாரு. இனி நீங்க சொன்னாக் கேக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க. சனம் குடத்தை வெச்சுட்டுக் கத்துதுங்க. நான் பொழப்புக்காரன் மேடம். போட்டுட்டனுங்க.”

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். அதற்குள் குமரகுரு வெளியே போய் வண்டியை உதைத்துவிட்டிருந்தான். பின்னால் இன்ஸ்பெக்டர் கூப்பிடுவது கேட்டது. அவன் நிற்கவில்லை.

பாவடித் தெருவில் கோவிலுக்கு எதிரே குழாய் பொங்கி ஊற்றிக்கொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு குடங்கள் நிறைந்து வரிசையாக இருந்தன. காலையில் கிடைக்காததால் எல்லோருக்கும் அவசரம். ஆபரேட்டர் மோட்டார் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான். குமரகுரு பூட்டை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. கல்லை எடுத்து இரண்டு முறை அடித்தான். அதுவும் ஆகவில்லை.

“என்ன தம்பி, என்னாச்சு?”

“குடிக்காதீங்க” என்றான். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அவன் இத்தனை நாளில் சத்தமாகப் பேசியதே இல்லை. தொண்டையைத் திறந்து கத்தினான். “குடிக்காதீங்க! எங்கூட்டுக் கக்கூசுத் தண்ணி இதுல கலந்திருக்குது. இதைக் குடிச்சுத்தான் அனிதா செத்தா. எல்லாரும் இதைக் குடிச்சுத்தான் செத்தாங்க!”

பெண்கள் அவனைப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். “பாவம்” என்று யாரோ சொன்னது கேட்டது. “அவங்கப்பனைக் கூப்பிடுங்க யாராச்சும்.” வரிசையில் முன்னால் நின்றவள் குனிந்து அடுத்த குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

அவன் போய் நிறைந்த முதல் குடத்தைக் காலால் சாய்த்தான். தண்ணீர் புழுதியில் ஓடியது. அடுத்ததைச் சாய்த்தான். தெருவே மூச்சை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மூன்றாவது குடத்துக்காரி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவன் நாலாவது குடத்தைச் சாய்த்தான்.